வீட்டுச் சராசரி

என் சகலை நாற்காலியிலிருந்து விழுந்தபோது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அந்த வருத்தம் எட்டு நாள் தாங்கியது. ஒன்பதாவது நாள் மூத்தோர் வாரியத்தார் நான்கு பேர் வண்டியில் வந்து, அவன் வீட்டுக் குளியலறையில் பளபளவென்று ஐந்து கைப்பிடிக் கம்பிகளை மாட்டிவிட்டுப் போனார்கள். கால் வழுக்காத பாய் ஒன்று. ஆள் நடந்தால் தானே எரிந்து தானே அணையும் விளக்கு ஒன்று. வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சி வகுப்புக்குப் போக மஞ்சள் அட்டை ஒன்று. போதாததற்கு வாசல் கதவுக்கு மேலே ஒரு பித்தளைத் தகடு: ‘இவ்வில்லம் வாரியத்தால் நிலைநிறுத்தப்பட்டது.’

அன்று சாயங்காலம் நானும் என் மனைவியும் பார்க்கப் போனோம். அவன் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தொங்கிக் காட்டினான். நானும் சிரித்த முகமாக ஐந்து தடவை தலையாட்டினேன். ஐந்து தடவையும் வயிறு எரிந்தது.

அவன் என் மனைவியின் தங்கை கணவன். பதிவு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். நான் பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் முப்பத்தொரு வருடம் நின்றே ஓய்வு பெற்றவன். உட்கார்ந்தவனுக்கு ஐந்து கம்பி, நின்றவனுக்கு ஒன்றும் இல்லை. நேரில் அவனை ‘நீங்க’ என்பேன், மனதுக்குள் ‘அவன்’ என்பேன். பெரும்பாலான சகலைகள் இப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அவன் விழுந்த அழகையும் சொல்லிவிடுகிறேன். டிவி பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறான், பொத்தென்று பக்கவாட்டில் சரிந்திருக்கிறான். வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டு எழுந்து, ஒருவரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்திருப்பார்கள். இவன் ஆபீஸ் விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன். எழுந்திருக்கவே இல்லை. படுத்தபடியே எதிர்வீட்டு வக்கீலை வரவழைத்து, தன்னைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடச் சொல்லி, சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தானாம். உடம்பில் ஒரு வீக்கம் கிடையாது. படிவத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

கம்பி உண்மையில் தேவைப்பட்டது என் மனைவிக்கு. ஆயத்த ஆடைப் பட்டறையில் இருபத்தேழு வருடம் நின்றபடியே துணி வெட்டியவள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ரத்த அழுத்த மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது. எங்கள் குளியலறை வீட்டுத் தரையைவிட ஒரு படி உயரம். ஈரக்காலோடு அந்தப் படியை இறங்க வேண்டும். பிடித்துக்கொள்ள இருந்தது கைகழுவும் தொட்டியின் குழாய் ஒன்றுதான். பிடித்தால் அது திறந்துகொள்ளும். அதனால் தினமும் காலையில் நான் கதவுக்கு வெளியே நின்று கை கொடுத்து அவளை இறக்கிவிட்டு, பிறகு உள்ளே போய்க் குழாயை மூடுவேன்.

சகலை வீட்டிலிருந்து திரும்பும் வழியில் அவள் சொன்னாள்: “என்னங்க, இந்தக் கம்பி கடையிலயே கிடைக்குது. ஒண்ணு வாங்கி மாட்டிட்டா போச்சு.”

“அவருக்கு வாரியம் மாட்டும், நமக்கு மட்டும் நாமளே மாட்டிக்கணுமா?”

“கம்பிய யார் மாட்டினா என்ன? பிடிச்சா நிக்கப்போகுது.”

“தகடு வராதுல்ல?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

*

‘மூத்தோர் வீழ்ச்சித் தடுப்பு மற்றும் சமநிலை மேம்பாட்டு வாரியம்’ என்பது அந்த இடத்தின் முழுப்பெயர். எங்கள் தெருவில் ‘விழுற ஆபீஸ்’ என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். வாசலில் பதினான்கு படிகள், எல்லாம் வழவழவென்று மெருகேற்றிய கல். பிடித்து ஏறக் கைப்பிடி இல்லை. கைப்பிடி வேண்டும் என்று வாரியமே வாரியத்துக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், கட்டடம் இதுவரை விழுந்ததில்லை என்பதால் கோப்பு நிலுவையில் இருப்பதாகவும் காவலாளி சொன்னார். நான் மனைவியைத் தோளோடு அணைத்து, ஒவ்வொரு படியாக ஏற்றிக் கொண்டுபோனேன்.

விசாரணை அலுவலர் மரியாதையானவர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார்.

“அம்மா எத்தனை தடவ விழுந்தாங்க?”

“இன்னும் விழல சார்.”

“விழலையா? அப்ப எதுக்கு வந்தீங்க?”

“விழாம இருக்கறதுக்குத்தான்.”

அவர் பேனாவை மூடினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

“ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. விழாதவங்கதான் ஏற்கனவே விழாம இருக்காங்களே, அவங்களுக்கு நாங்க என்ன செய்ய முடியும்? விழுந்தவங்களைத்தான் விழாம பார்த்துக்கணும். இங்க எல்லாம் ஆதாரத்தோட அடிப்படையிலதான் தடுப்போம். நாளைக்கு நாங்க கம்பி மாட்டி, உங்க வீட்டம்மா கடைசி வரைக்கும் விழாமலே இருந்துட்டாங்கன்னு வைங்க. அந்தக் கம்பியால என்ன பிரயோஜனம்னு தணிக்கையில கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

நாங்கள் எழுந்திருக்கவில்லை என்பதைப் பார்த்து அவரே வழி சொன்னார். விழுந்த சான்று இல்லாதவர்களுக்கு நிலைத்தேர்வு என்று ஒன்று உண்டு. தேர்வில் விழுந்தால் அதையே சான்றாக எடுத்துக்கொள்வார்கள். விழாவிட்டாலும், வீட்டில் இருக்கும் மூத்தோர் எல்லோருடைய மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். ஐம்பதுக்குக் கீழே வந்தால் கம்பி உண்டு.

தேர்வறையில் தரையில் நீல வட்டம் ஒன்று வரைந்திருந்தது. அதற்குள் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். தேர்வாளர் கையில் கடிகாரத்தோடு நின்றார். வட்டத்துக்குப் பக்கத்தில் திடகாத்திரமான ஒரு பெண்மணி இரண்டு கையையும் நீட்டித் தயாராக நின்றாள். அவள் பிடிப்பாளர். சரிகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே நியமிக்கப்பட்டவள்.

என் மனைவி ஆறாவது வினாடியில் சாய்ந்தாள். பிடிப்பாளர் பூப்போல ஏந்திக்கொண்டாள். “பிடிபட்டார், விழவில்லை” என்று தேர்வாளர் எழுதினார்.

“சார், இவங்க பிடிக்கலைன்னா விழுந்திருப்பா” என்றேன்.

பிடிப்பாளர் பதறிப்போனாள். “பிடிக்காம எப்படிங்க விடறது? அடிபட்டுடாதா?”

அவள் பேரில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் ஒருவரைக்கூட அவள் தவறவிட்டதில்லை. அதனால் மூன்று வருடத்தில் ஒருவருக்குக்கூட அந்த வட்டத்தில் சான்று கிடைத்ததில்லை. அவளுக்கு வாரியம் கொடுத்த பாராட்டிதழ் சட்டம் போட்டு எதிர்ச்சுவரில் தொங்கியது.

அடுத்தது என் முறை. இங்கேதான் நான் புத்தியில்லாமல் நடந்துகொண்டேன். ஓய்வு பெற்றபின் என் கால்களை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. வளைவில் வண்டி சாயும்போது ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை, எதையும் பிடிக்காமல் நடுவில் நின்ற கால்கள் அவை. கடிகாரத்தைக் கண்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒற்றைக்காலைத் தூக்கினேன். முப்பது வினாடியோடு தேர்வு முடிந்தது, நான் இறக்கவில்லை. கண்ணை மூடச் சொன்னார்கள், மூடினேன். பிடிப்பாளர் கை வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். தேர்வாளர் சாப்பிடப் போய்விட்டு, கை துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். நான் அப்படியே நின்றிருந்தேன்.

“தொண்ணூத்தேழு” என்றார் தேர்வாளர். “வாரிய வரலாற்றிலேயே இதுதான் அதிகம்.”

எனக்குக் காது வரை சிரிப்பு வந்தது. அவர் கூட்டி வகுத்தார்.

“அம்மா பதினொண்ணு, ஐயா தொண்ணூத்தேழு. வீட்டுச் சராசரி அம்பத்து நாலு. கம்பி கிடையாது.”

“சார், அவ காலுக்கும் என் காலுக்கும் என்ன சம்பந்தம்?”

அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். “கல்யாணம் ஆயிடுச்சுல்ல?”

என் மனைவி சிரித்தாள். அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. தேர்வாளர் குரலைத் தாழ்த்தி, “வீட்டுல ரெண்டு பேர்ல யார் விழுந்தாலும் சரி, வெளியாள் ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போட்டா அடுத்த வாரமே கம்பி. ஐயாவே முயற்சி பண்ணலாம்” என்று வெற்றுப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். விழுந்த இடம், விழுந்த திசை, விழும்போது நினைத்துக்கொண்டிருந்த விஷயம் என்று அதில் இருபத்திரண்டு கேள்விகள்.

வெளியே வரும்போது கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு காலின் குதியை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டவைத்து, கோட்டின் மேல் நடந்துகொண்டிருந்தான் என் சகலை. கழுத்தில் மஞ்சள் அட்டை. எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான், ஆடவே இல்லை. முன்பெல்லாம் செருப்பு மாட்டவே சுவரைப் பிடிப்பவன்.

பயிற்சியாளர் ஒரு சின்னப் பெண். தண்ணீர் குடிக்க வெளியே வந்தவள், என் மனைவி பெஞ்சிலிருந்து எழப் படும் பாட்டைப் பார்த்துவிட்டு நின்றாள். சுற்றிலும் பார்த்துக்கொண்டு ரகசியக் குரலில் சொன்னாள்: “காலையில முழிச்ச உடனே நடக்காதீங்கம்மா. கட்டில் ஓரத்துல ரெண்டு நிமிஷம் உட்காருங்க. தலைசுத்தலுக்கு மாத்திரைதான் காரணமான்னு டாக்டரைக் கேளுங்க. நாற்காலியில உட்கார்ந்து கையை ஊனாம எழுந்திரிங்க, பத்து தடவ. சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. தினம் செஞ்சா…”

காவலாளி அந்தப் பக்கம் வந்தார். அவள் உடனே குரலை உயர்த்தி, “அட்டை இல்லாதவங்களுக்கு எதுவும் சொல்றதுக்கு இல்லீங்க!” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

*

என் மனைவி அன்றிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கினாள். பருப்பு வேகும் நேரத்தில் ஒற்றைக்காலில் நின்றாள். மூன்று வாரத்தில் குழாயைத் தொடாமலே, என் விரல் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். “பார்த்தீங்களா, பார்த்தீங்களா” என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள்.

நான் பார்த்தேன். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இப்படியே போனால் இவள் மதிப்பெண் நாற்பதைத் தொட்டுவிடும், என் தொண்ணூற்றேழோடு சேர்ந்தால் சராசரி எங்கேயோ போய்விடும்.

“அந்தப் பயிற்சியைக் கொஞ்ச நாள் நிறுத்தேன்” என்றேன்.

“எதுக்கு?”

“மறுதேர்வுக்கு எழுதிப் போட்டிருக்கேன். மார்க் ஏறிடும்.”

“உங்களுக்கு நான் நல்லா நிக்கணுமா, கம்பி வரணுமா?”

“ரெண்டும்தான்.”

“ஒண்ணைச் சொல்லுங்க.”

நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். அவள் அத்தோடு பயிற்சியை நிறுத்திவிட்டாள். நான் சொல்வதைக் கேட்கும் பழக்கம் அவளுக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். அது இந்த விஷயத்திலா வர வேண்டும்?

*

அந்த மாதக் கடைசியில் வாரியத்தின் ஆண்டு விழா வந்தது. சகலைக்கு ‘முன்மாதிரிப் பயனாளி’ விருது. குடும்பத்தோடு வரவேண்டும் என்று அழைப்பிதழ் வந்ததால் நானும் குடும்பமாகப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

வாரியத் தலைவர் கனத்த குரலில் பேசினார்.

“பெரியோர்களே! சென்ற ஆண்டு நம் பகுதியில் விழுந்தோர் அறுநூறு பேர். இந்த ஆண்டு ஆயிரத்து நூறு பேர். மக்கள் வாரியத்தின் மீது வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? வாரியம் தொடங்கும் முன்பு நம் மூத்தோர் விழுந்தார்கள், எழுந்தார்கள், அவ்வளவுதான். ஒரு கணக்கு உண்டா, ஒரு கோப்பு உண்டா? இன்று ஒருவர் விழுந்தால் ஒன்பது அலுவலர்களுக்குத் தெரிகிறது! சிலர் கேட்கிறார்கள், விழுவதற்கு முன்பே உதவக்கூடாதா என்று. ஐயா, முன்பே உதவிவிட்டால் யாருக்கு உதவினோம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னொன்றையும் பெருமையோடு சொல்கிறேன். இந்த வாரியக் கட்டடத்துக்குள் இன்றுவரை ஒருவர்கூட விழுந்ததில்லை. நிகழ்ந்த முப்பத்தெட்டும் திட்டமிடாத அமர்தல்கள் மட்டுமே!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பிறகு சகலை பேசினான். “நான் விழுந்தபோது தனியாக விழவில்லை. வாரியம் என்னோடு இருந்தது” என்றான். எல்லோரும் உருகினார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எவ்வளவு நல்லா பேசறாரு பாருங்க” என்றாள். ஒரு நாற்காலியிலிருந்து சரிந்ததற்கு இவ்வளவா? முப்பத்தொரு வருடம் சரியாமல் நின்றதற்கு எனக்கு யாரும் ஒரு மாலைப்பொழுதுகூட ஒதுக்கியதில்லை. பொறாமை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பொறாமைதான்.

விருதைக் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கும்போது தலைவருக்குக் கடைசிப் படியில் கால் வழுக்கியது. தொப்பென்று உட்கார்ந்தார். அடுத்த நொடி, செயலாளரும் பொருளாளரும் தேர்வாளரும் அவருக்கு இரண்டு பக்கமும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். விசாரணை அலுவலர் ஓடிவந்து அவர்கள் காலடியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். அவசரக் கூட்டம் ஒன்று அங்கேயே நடந்து, தேநீருக்கு நன்றி தெரிவித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தலைவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆமோதித்தார். அவரை எழுப்பக் கை கொடுத்தால் விழுந்ததாக ஆகிவிடும் என்பதால், கூட்டம் முக்கால் மணி நேரம் நீண்டது.

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், விழுவதென்று.

*

சாட்சி வெளியாளாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இருந்தார். கண் விஷயத்தில் அவர் கையெழுத்து எடுபடும் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கடை திறக்கும் முன் பத்து நிமிடம் வந்துவிட்டுப் போவதாக ஒப்புக்கொண்டார். முன்வாசல் சிமெண்டுத் தரையில் சோப்புத் தண்ணீரை ஊற்றினேன். அவர் படிவத்தைப் பலகையில் வைத்து, பேனாவைத் திறந்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

நடந்தேன். கால் வழுக்கியது, இடுப்பு தானே வளைந்தது, நின்றுவிட்டேன். பின்பக்கமாக நடந்தேன். நின்றுவிட்டேன். பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு ஒற்றைக்காலில் குதித்தேன். வண்டி வளைவில் திரும்பும்போது எந்தக் காலை அகட்ட வேண்டும் என்று என்னைக் கேட்காமலே உடம்புக்குத் தெரிகிறது. ஒரு தடவை முழுசாகச் சாய்ந்து, இதோ விழுந்துவிட்டோம் என்று சந்தோஷப்படும் நேரத்தில் கை போய்ச் சன்னலைப் பிடித்துக்கொண்டது.

“சார், விழுங்க சார். கடை திறக்கணும்” என்றார் கண்ணாடிக்காரர்.

“இருங்க, இந்தத் தடவ கண்டிப்பா.”

உள்ளேயிருந்து என் மனைவி கூப்பிட்டாள். “என்னங்க, குளிச்சிட்டேன். வந்து கை குடுங்க.”

“இதோ வரேன்!”

இன்னும் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன்.

“என்னங்க!”

“வரேன்னு சொல்றேன்ல, ஒரு வேலையா இருக்கேன்!”

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவந்து வழுக்கிப் பார்த்தேன். வாசலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக வழுக்கிப்போய், நேராகவே நின்றேன். அப்போதுதான் உள்ளே அந்தச் சத்தம் கேட்டது.

ஐயோ என்று ஓடிப்போய் அவளைத் தூக்கினேன் என்றுதான் இங்கே எழுத ஆசை. ஓடினேன், அது உண்மை. படிக்குக் கீழே ஈரத்தரையில் அவள் வலப்பக்கமாகக் கிடந்தாள். வலது கை அடியில் மடங்கியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. நான் அவளைத் தொடவில்லை.

“அப்படியே இரு, எழுந்திரிக்காதே” என்றேன். பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினேன்: “சார், பேனாவோட ஓடி வாங்க! வலப்பக்கம், குளியலறைப் படி!”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வலியை அடக்கிக்கொண்டு நிதானமாகத்தான் பேசினாள்.

“அவர் வர்றதுக்கு முன்னாடி என் மேல ஒரு துண்டையாவது போடுங்க.”

துண்டைப் போட்டேன். கண்ணாடிக்காரர் அறை வாசலில் வந்து நின்று, ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துகொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “ஆம்புலன்ஸுக்கு நானே சொல்லிடறேன்” என்றார். அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிக்கு அவள் தங்கை வந்தாள், பின்னாலேயே சகலையும் வந்தான். கட்டுப் போட்டு வெளியே வந்ததும் என் மனைவி தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் இவ வீட்டுக்குப் போறேன்” என்றாள்.

“எத்தனை நாளைக்கு?”

“கட்டுப் பிரிக்கற வரைக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் பார்க்கலாம்.”

சகலை என் முதுகில் கை வைத்து, “நான் பார்த்துக்கறேன் சகலை, கவலைப்படாதீங்க” என்றான். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

*

ஆஸ்பத்திரிக் காகிதமே சான்றாகிவிட்டது. ஒன்பதாவது நாள் வாரிய வண்டி என் வீட்டு வாசலில் நின்றது. விசாரணை அலுவலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“வாழ்த்துக்கள் ஐயா! எலும்பு முறிஞ்சா ஏழு கம்பி. உங்க சகலைக்கு அஞ்சுதானே?”

மறைப்பானேன், அந்த ஒரு நொடி எனக்கு மனம் குளிர்ந்தது.

ஏழு கம்பியையும் இறுக்கி மாட்டினார்கள். பாய் விரித்தார்கள், விளக்கு மாட்டினார்கள். சகலை வீட்டுத் தகட்டைவிட விரல்கடை அகலமான தகட்டைக் கதவுக்கு மேலே அடித்தார்கள். கடைசியில் புகைப்படக்காரர் குளியலறைக்குள் நின்றுகொண்டு, “பயனாளியை வரச் சொல்லுங்க” என்றார்.

“அவ தங்கச்சி வீட்டுல இருக்கா.”

அலுவலர் நிமிர்ந்தார். “எந்தத் தங்கச்சி? நம்ம முன்மாதிரிப் பயனாளி வீட்டுலயா?”

“ஆமாம்.”

“அப்ப இந்த வீட்டுல இப்ப யார் இருக்கா?”

“நான் மட்டும்தான்.”

அவர் கோப்பைத் திறந்து, விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டே போனார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

“ஐயா, அப்படின்னா வீட்டுச் சராசரி தொண்ணூத்தேழு ஆகுதே” என்றார், நிஜமான வருத்தத்தோடு. “தொண்ணூத்தேழுக்குக் கம்பி மாட்டினோம்னு தெரிஞ்சா எங்க எல்லாருக்கும் வேலை போயிடும். கம்பி பயனாளி பின்னாடிதான் போகணும், அதுதான் விதி.”

மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. கழற்ற இருபது நிமிடம்கூட ஆகவில்லை. தகட்டையும் நெம்பி எடுத்துக்கொண்டார்கள். சுவரில் இருபத்தெட்டு ஓட்டைகள் இருந்தன. வண்டி சகலை வீட்டுத் தெருப் பக்கம் திரும்புவதை வாசலில் நின்று பார்த்தேன்.

சாயங்காலம் சகலையே போன் செய்தான்.

“சகலை, இங்க மொத்தம் பன்னெண்டு கம்பி ஆயிடுச்சு. குளியலறையில இடம் பத்தல, மூணை ஹால்ல மாட்டியிருக்காங்க. அக்கா அதைப் பிடிச்சுக்கிட்டுக் குதிகால் பயிற்சி பண்றாங்க. நல்லா நிக்கறாங்க சகலை, நீங்க பார்க்கணுமே.”

“எப்ப வீட்டுக்கு வருவான்னு கேளுங்க.”

அவன் போனைக் கையால் மூடினான். சரியாக மூடவில்லை போலிருக்கிறது. என் மனைவியின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“அவருக்கு என்ன, அவர் விழவே மாட்டாரு. தனியா இருந்துப்பாரு.”

சகலை போனிலிருந்து கையை எடுத்தான். பிறகு போனைக் காதில் வைத்து, “சீக்கிரமே வந்துடறேன்னு சொல்லச் சொன்னாங்க சகலை” என்றான்.

இத்தனை நாளும் அவன் வீட்டுக் கம்பியைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு, எனக்காக ஒரு பொய் சொன்னானே, அந்த மனுஷனைப் பார்த்தே எரிந்தது.